கட்டுபடி ஆகாது!

இரண்டே சொற்கள். புதியது எது பிறந்தாலும் அதன் தொட்டிலருகே வந்து நின்று, இந்த இரண்டு சொற்களை ஓதிவிட்டுச் செல்ல ஒரு கூட்டம் எந்நாளும் இருந்து வந்திருக்கிறது. இரயில் வண்டி ஓடத் தொடங்கிய நாளில் இருந்தது. மின்விளக்கு எரியத் தொடங்கிய நாளில் இருந்தது. இன்று, கூரைமீது கிடந்து வெயிலைப் பருகி மின்சாரமாகத் தரும் தகட்டைக் கண்ட பின்னரும் அதே கூட்டம், அதே குரலில், அதே இரண்டு சொற்களை ஓதிக்கொண்டிருக்கிறது.

புதுவகைச் சூரியத் தகடு ஒன்று, சோதனைச்சாலையிலிருந்து கடைத்தெருவுக்கு வர வழிதேடிக்கொண்டிருக்கும் வேளை இது. பெரோவ்ஸ்கைட் என்பது அதன் பெயர். வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். ருசிய நாட்டுப் பிரபு ஒருவரின் பெயரிலிருந்து வந்தது. அது வாணிபத்தில் நிலைக்குமா, நிலைக்காதா என்பது பற்றி இருதிறத்தார் பேசும் பேச்சைக் கேட்டால், பகுத்தறிவாளனுக்குச் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது. ஒருவர், மேற்சொன்ன 'ஆகாது' கட்சி. மற்றவர், கிழமைக்கொரு அற்புதம் அறிவிக்கும் 'ஆகிவிட்டது' கட்சி. முன்னவர் விஞ்ஞானத்தை நம்ப மறுக்கிறார். பின்னவரோ நம்புகிறார், அதுவும் சாமியை நம்புவது போல நம்புகிறார்! இருவரும் பென்சிலையும் தாளையும் கையிலெடுப்பதில்லை.

மூன்றாவதொரு கூட்டமும் உண்டு. "மின்கலமா? அகத்திய முனிவர் அன்றே செய்துவிட்டாரே!" என்று கூறும் கூட்டம். அவர்களோடு வாதாட ஈண்டு இடமில்லை. முனிவர் செய்த கலத்தைக் கொண்டு ஒரு குச்சுவீட்டின் விளக்கையேனும் எரியவிட்டுக் காட்டட்டும், பிறகு பேசுவோம்.

முதலில் 'ஆகாது' கட்சியைக் கவனிப்போம்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 25. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பெல் சோதனைச்சாலை. சேப்பின், புல்லர், பியர்சன் எனும் மூவர், தாம் செய்த சிலிக்கன் கலத்தை வெளியுலகுக்குக் காட்டினர். சின்னஞ்சிறு இராட்டினம் ஒன்று, வெளிச்சம் பட்டதும் சுழன்றது. மேலே விழும் ஒளியில் நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக மாற்றிற்று அந்தக் கலம். கண்டவர் வியந்தனர். அடுத்த வினாடியே, எவ்வளவு விலை என்றனர். அந்த மூவருள் ஒருவரான சேப்பினே 1956இல் கணக்கிட்டார். வாட் ஒன்றுக்கு 286 டாலர்! ஒரு குடும்பம் தன் வீட்டுத் தேவைக்கு இத்தகைய தகடு வைத்துக்கொள்ள வேண்டுமானால் 14 இலட்சத்து 30 ஆயிரம் டாலர் வேண்டும். "கட்டுபடி ஆகாது" என்றனர். அன்றைய விலைக்கு அது மறுக்கவொண்ணாத உண்மை. நாம் மறுக்கவும் இல்லை.

ஆனால், நான்கே ஆண்டுகள் கழித்து, 1958 மார்ச்சில், வான்கார்டு எனும் சிறிய செயற்கைக் கோள் விண்ணேறிற்று. அதிலே வேதிப்பொருள் மின்கலமும் இருந்தது, சூரியக் கலமும் இருந்தது. வேதிக்கலம் மூன்றே திங்களில் ஓய்ந்தது. சூரியக் கலத்தால் இயங்கிய கருவியோ 1964 வரை பூமிக்குச் செய்தி அனுப்பிற்று. வானவெளிக்கு நிலக்கரி வண்டி போகாது; மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு அங்கே எவரும் ஏற முடியாது. எனவே, தரையிலே கொள்ளை விலையாகத் தோன்றிய அதே கலம், விண்ணிலே மலிவினும் மலிவாயிற்று. கலம் மாறவில்லை, இடம் மாறிற்று. 'கட்டுபடி' என்பது பொருளின் உடம்பிலே பிறவிக்குறியாகப் பொறிக்கப்பட்டிருப்பதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னுமொரு வேடிக்கை. 1973இல் எலியட் பெர்மன் எனும் விஞ்ஞானி, தரையிலே பயன்படும் மலிவான தகடு செய்யக் கம்பெனி தொடங்கினார். பணம் கொடுத்தது யார் தெரியுமா? எக்ஸான் எனும் எண்ணெய்க் கம்பெனி! மின்னணுத் தொழிலார் குறையுள்ளவை என்று ஒதுக்கிய சிலிக்கன் வில்லைகளை அவர் வாங்கினார். வாட் ஒன்றுக்கு 100 டாலராக இருந்த விலையை 20க்குக் கொண்டுவந்தார். கடலிலே எண்ணெய் எடுக்கும் மேடைகளில் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டுமே, அதற்கு அந்தத் தகடுகள் போயின. ஆக, சூரியனை முதலில் வாடிக்கையாக வாங்கியவர்களுள் எண்ணெய் முதலாளியும் ஒருவர். கட்டுபடியானால் அவர் கொள்கை பார்ப்பதில்லை. நாம்தான் கொள்கை பேசிக் கணக்கை மறக்கிறோம்.

பின்னர் 2000இல் ஜெர்மனி ஒரு சட்டம் இயற்றிற்று. எவர் தம் கூரையிலே தகடு பதித்து மின்சாரம் செய்தாலும், அதை நிலையான விலைக்கு இருபதாண்டுகள் வாங்கியே தீர வேண்டும் என்பது சட்டம். யூனிட் ஒன்றுக்கு 99 பென்னிக்! நிலக்கரி மின்சாரத்தைப் போலப் பன்மடங்கு விலை. ஜெர்மனி வெயில் கொழிக்கும் நாடா? ஆண்டிலே பாதி நாள் மேகம் மூடிக்கிடக்கும் நாடு. "பைத்தியக்காரத்தனம்" என்றனர் பலர். அந்தப் பைத்தியக்காரத்தனத்தின் செலவை ஜெர்மன் நாட்டு மக்கள் தம் மின்கட்டணத்தோடு சேர்த்துக் கட்டினர். அந்தச் சந்தையை நம்பிச் சீனத்திலே ஆலைகள் எழுந்தன. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் எனும் பேராசிரியரிடம் பயின்ற ஷி செங்ரோங், 2001இல் வூசி நகரில் தொடங்கிய சன்டெக் அவற்றுள் ஒன்று. உள்ளூர் ஆட்சியும் வங்கியும் அவருக்குத் தோள்கொடுத்தன. அவர் பெருஞ்செல்வரானார், 2013இல் அதே சன்டெக் கடனைக் கட்ட முடியாமல் வீழ்ந்தது. அவர் வீழ்ந்தார், தகடு வீழவில்லை! உலகிலே செய்யப்பட்ட தகடுகளின் மொத்த அளவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை ஐந்திலொரு பங்கு இறங்கிக்கொண்டே வந்தது. 2024இல் சீனத்திலிருந்து வாட் ஒன்று சுமார் 10 செண்டுக்கு ஏற்றுமதியாயிற்று. 286 டாலர் எங்கே, 10 செண்ட் எங்கே!

நம் நாட்டுக் கதையும் அதுவே. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016இல் எழுந்தபோது யூனிட் ஒன்றுக்கு 7 ரூபாய் 1 காசு என்று விலை பேசப்பட்டிருந்தது. மறு ஆண்டே, 2017 மே திங்களில், இராஜஸ்தானத்துப் பட்லா பாலைவனத்தில் 2 ரூபாய் 44 காசுக்குத் தருகிறோம் என்று ஏலத்தில் கேட்டனர்.

இதையெல்லாம் நான் ஏன் அடுக்குகிறேன்? 'ஆகாது' கட்சியார் பேசுவது பொருளாதாரம் போலத் தோன்றும். உண்மையில் அது தலைவிதி வாதம். 'எழுதிய எழுத்து அழியாது' என்பதையே 'சந்தை ஏற்காது' என்று மாற்றிச் சொல்கிறார்கள். சந்தை என்ன, சித்திரகுப்தன் ஏடா? அதை எழுதியவர் மனிதர். 1954இல் எழுதியதை 1958இல் அழித்தனர்; 2000இல் எழுதியதை 2017இல் அழித்தனர். சட்டம் அழித்தது, பொதுமக்கள் பணம் அழித்தது, ஆலைத் தொழிலாளியின் கைத்திறன் அழித்தது.

சரி. "அப்படியானால் பெரோவ்ஸ்கைட்டும் வென்றுவிடும், சந்தேகம் எதற்கு?" என்று துள்ளி எழுகிறாரே அடுத்த கட்சிக்காரர், அவரைச் சற்று உட்காரச் சொல்லுங்கள்.

1839ஆம் ஆண்டு ஒரு விந்தையான ஆண்டு. பிரெஞ்சு நாட்டில் பத்தொன்பது வயது எட்மண்டு பெக்கரல், ஒளியால் மின்னோட்டம் பிறப்பதைக் கண்டது அவ்வாண்டு. யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தைக் குஸ்தாவ் ரோஸ் எனும் ஜெர்மானியர் ஆய்ந்து, அதற்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயரிட்டதும் அதே ஆண்டு. இரண்டும் கைகோக்க 170 ஆண்டுகள் பிடித்தன. 2009இல் ஜப்பானின் யோக்கோகாமாவில் மியசாகாவும் அவருடைய மாணவர் கொஜிமாவும், அந்தக் கனிமத்தின் படிக அமைப்பை மட்டும் ஒத்த, ஈயமும் அயோடினும் கலந்த வேறொரு பொருளைப் பூசிக் கலம் செய்தனர். நூற்றுக்கு 3.8 பங்கு ஒளி மின்சாரமாயிற்று. சில நிமிடங்களில் கலம் கெட்டும்போயிற்று. 2012இல் ஆக்ஸ்போர்டில் ஹென்றி ஸ்னெய்த்தின் குழுவும், கொரியாவில் பார்க் நாம்கியுவின் குழுவும், நீர்மம் இல்லாமலே அதைச் செய்து 10ஐ ஒட்டிய அளவுக்குக் கொண்டுசென்றன. இன்று அது 26ஐத் தாண்டிவிட்டது. சிலிக்கன் 6இலிருந்து 25ஐ எட்ட ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. இது பதினைந்தே ஆண்டுகளில் அந்தத் தொலைவைக் கடந்தது. வியக்கத்தக்கதுதான். மறைப்பானேன்?

செய்முறையோ இன்னும் வியப்பு. சிலிக்கனை உருக்க 1,414 டிகிரி வெப்பம் வேண்டும். உருக்கி, தூய்மை செய்து, பாளமாக வார்த்து, மெல்லிய வில்லைகளாக அறுக்க வேண்டும். புதுப்பொருளை மை போலக் கரைத்துக் கண்ணாடிமேல் பூசி, நீர் கொதிக்கும் சூட்டையோ அதைவிடச் சற்றே மிகுந்த சூட்டையோ காட்டி உலர்த்தினால் போதும். படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவு! அதுமட்டுமா? சிலிக்கன் தகட்டின் தலைமீதே இதைப் பூசலாம். நீல ஒளியை மேற்படலம் பிடிக்கும். அது விடும் சிவப்பு ஒளியைக் கீழே சிலிக்கன் பிடிக்கும். சிலிக்கன் தனியாக எவ்வளவு முயன்றாலும் நூற்றுக்கு 29 பங்குக்குமேல் போக இயற்கை விடாது. இரண்டும் சேர்ந்தால் அந்த வேலியைத் தாண்டலாம். 2024இல் லோங்கி எனும் சீனக் கம்பெனி 34.6 என்று அளந்து காட்டிற்று.

உடனே நமது அற்புதப் பிரசாரகர் முரசு கொட்டினார். "சிலிக்கன் செத்தது! இனி மின்சாரம் இலவசம்!"

தோழர்களே, கோயில் சிலை பால் குடித்தது என்று ஒருவன் சொன்னால் நாம் என்ன கேட்போம்? எவ்வளவு பால், யார் பார்த்தார், பால் எங்கே போயிற்று என்று கேட்போம். அந்தக் கேள்வியை விஞ்ஞானத்தின் பெயரால் வரும் செய்தியிடம் கேட்க ஏன் நாக்கூசுகிறது? 34.6 என்றார்களே, அந்தக் கலத்தின் பரப்பு எவ்வளவு? கட்டைவிரல் நகத்தளவு! வாணிபத்துக்கு வந்த தகட்டின் கதை என்ன? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2010இல் பிரிந்து உருவான ஆக்ஸ்போர்டு பிவி கம்பெனி, ஜெர்மனியின் பிராண்டன்பர்க் ஆலையில் செய்து, 2024 செப்டம்பரில் அமெரிக்க வாடிக்கையாளருக்கு முதன்முதலாக அனுப்பிய தகடுகளின் திறன் 24.5. நல்ல சிலிக்கன் தகடு இன்று 22, 23, 24 என்று நிற்கிறது. வித்தியாசம் உண்டு, ஆனால் 'சிலிக்கன் செத்தது' என்று ஈமச்சடங்கு செய்யத்தக்க வித்தியாசமா அது?

அடுத்த கேள்வி, எல்லாக் கேள்விகளுக்கும் மூத்த கேள்வி: எத்தனை ஆண்டு உழைக்கும்?

இங்கேதான் புதுத் தகட்டின் உயிர்நிலை இருக்கிறது. அந்தப் படலத்துக்கு ஈரம் ஆகாது, வெப்பம் ஆகாது, கொடுமையிலும் கொடுமை, எந்த வெயிலுக்காகப் பிறந்ததோ அந்த வெயிலே நெடுநாள் பட்டால் ஆகாது! அதனுள்ளே உள்ள அயனிகள் இடம்விட்டு இடம் நகர்கின்றன. ஆவியாகும் உறுப்புகள் வெளியேறுகின்றன. கறுப்புப் படலம் மஞ்சளாக வெளுக்கிறது. வேதிச்சேர்க்கையை மாற்றியும், இரு கண்ணாடிகளுக்கிடையே காற்றுப் புகாமல் அடைத்தும் அதன் ஆயுளை நீட்டியிருக்கிறார்கள். நிமிடங்களில் செத்தது இன்று ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. ஆனால் சிலிக்கன் தகட்டை விற்பவர் 25 ஆண்டுகளுக்கு எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோவாட் சிலிக்கன் தகடு நம் ஊர் வெயிலில் ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட் தருகிறது என்று கொள்வோம். 25 ஆண்டில், தேய்மானம் போக, 34,000 யூனிட். அதே இடத்தில் புதுத் தகட்டை வைக்கிறோம். ஐந்திலொரு பங்கு அதிகம் தருகிறது. ஆண்டுக்கு 1,800 யூனிட். எட்டாண்டில் கெட்டுவிட்டால்? துளியும் தேயவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் 14,400 யூனிட்தான்! பழையதன் பாதிகூட இல்லை. பழையதை அது எட்டிப்பிடிக்கவே பத்தொன்பது ஆண்டுகள் உழைக்க வேண்டும். "தகடு மலிவாயிற்றே, மாற்றிக்கொள்ளலாமே!" என்பார். தகடு மட்டுமா செலவு? இரும்புச் சட்டம், கம்பி, மின்மாற்றுக் கருவி, ஏறி இறங்கும் தொழிலாளியின் கூலி, நிலத்தின் குத்தகை ஆகிய இவை இருமுறை வருமே! சிலிக்கன் தகடு இத்தனை மலிந்துவிட்ட காலத்தில், தகட்டின் விலையைப் பாதியாக்கினாலும் மொத்தச் செலவு பெரிதாகக் குறையாது. புதுமைக்கு இன்று முதற்பகை பழமைவாதி அல்லன், மலிந்துபோன சிலிக்கனே. அதைச் செய்யும் சீன ஆலைகளே 2024இல் கோடி கோடியாக நட்டக்கணக்கு எழுதின. முதலாளிகளே மூச்சுத்திணறும் அந்தச் சந்தையில் புதியவன் எப்படி நுழைவான்?

அதே கணக்கைத் திருப்பியும் போட வேண்டும், அதுதான் நேர்மை. 25 ஆண்டு உழைக்குமானால்? அதே சட்டம், அதே கம்பி, அதே கூலி. மின்சாரம் மட்டும் ஐந்திலொரு பங்கு கூடுதல். அப்போது, தகட்டின் விலை சற்றுக் கூடினாலும் இலாபமே. ஆகவே, 'திறன் எவ்வளவு' என்று முரசறைவதை நிறுத்திவிட்டு, 'ஆயுள் எவ்வளவு' என்று கேட்கத் தொடங்குவதே அறிவுடைமை. புதுத் தகடு வாணிபத்தில் நிற்பதும் வீழ்வதும் அந்த ஒரே எண்ணில் அடங்கியிருக்கிறது.

கணக்குத் தெரியாமல் கெட்டவர் கதை ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் பிரீமாண்ட் நகரில் சோலிண்ட்ரா என்றொரு கம்பெனி. தகட்டுக்குப் பதில் குழல்! குழலைச் சுற்றிலும் மெல்லிய படலம். எப்பக்கத்திலிருந்து வெயில் பட்டாலும் மின்சாரம். விஞ்ஞானம் பொய்யன்று, குழல்கள் வேலை செய்தன. 2009இல் அமெரிக்க சர்க்கார் 53 கோடியே 50 இலட்சம் டாலர் கடனுக்குப் பிணை நின்றது. 2010இல் குடியரசுத் தலைவர் ஒபாமா நேரில் வந்து வாழ்த்தினார். 2011 செப்டம்பரில் மஞ்சள் கடுதாசி! ஏன்? சிலிக்கன் மூலப்பொருள் கிலோ 400 டாலர் விற்ற 2008ஆம் ஆண்டின் விலை என்றென்றும் நிற்கும் என்று அவர்கள் கணக்கிட்டிருந்தனர். விலை சரிந்தது; சிலிக்கனில்லாத் தகடு என்ற ஒரே பெருமையும் அதனோடு சரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் ஒரே நாளில் வீதிக்கு வந்தனர். வாழ்த்திய தலைவருக்கு என்ன நட்டம்? முதலாளிக்கு நீதிமன்றம் இருக்கிறது, இழப்பைப் பகிர்ந்துகொள்ள. தொழிலாளிக்கு?

இதைச் சொல்லி, "பார்த்தாயா, சர்க்கார் பணம் பாழ்!" என்று 'ஆகாது' கட்சி கைகொட்டும். கொட்டுவதற்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளட்டும்: அதே சர்க்கார் அதே கடன் இலாகாவிலிருந்து டெஸ்லா எனும் மோட்டார் கம்பெனிக்குக் கொடுத்த 46 கோடியே 50 இலட்சம் டாலர், 2013இல் முழுதும் திரும்பி வந்தது. பத்து விதை ஊன்றினால் சில முளைக்கா. குற்றம் விதைத்ததில் இல்லை, மண்ணைப் பார்க்காமல் விதைத்ததில் இருக்கிறது.

மண்ணைப் பார்த்து விதைத்தவரும் உண்டு. சிலிக்கனை விட்டுவிட்டு, காட்மியம் டெல்லூரைடு எனும் படலத்தைக் கண்ணாடியில் பூசும் பர்ஸ்ட் சோலார் எனும் அமெரிக்கக் கம்பெனி, சோலிண்ட்ராவை விழுங்கிய அதே அலையில் நீந்திக் கரையேறிற்று. குழல் கோணல் என்று விந்தை காட்டவில்லை. சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே தகட்டை ஆண்டாண்டாக மலிவாக்கிற்று. காட்மியம் நச்சு என்று மக்கள் அஞ்சினர். அச்சத்தைக் கேலி செய்யாமல், 2005இலிருந்தே பழைய தகடுகளைத் திரும்ப வாங்கி உடைத்துப் பொருளைப் பிரித்தெடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அதே கம்பெனியின் ஆலை, ஆண்டுக்கு 3,300 மெகாவாட் தகடு செய்யத்தக்க ஆலை, 2024 ஜனவரியில் நமது காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்டது. 'படலத் தகடு நம் நாட்டுக்கு ஒத்துவராது' என்போர் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்து வரலாம். பார்க்க வேண்டிய இன்னொன்று: 2023இலேயே அந்தக் கம்பெனி, பெரோவ்ஸ்கைட் ஆய்வு செய்த எவோலார் எனும் ஸ்வீடன் நாட்டுச் சிறு கம்பெனியை விலைக்கு வாங்கிவிட்டது. கணக்கறிந்தவன் இன்னும் ஆலை வைக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்திருக்கிறான்.

நச்சு என்றதும் ஈயத்தின் நினைவு வருகிறது. புதுப்படலத்தில் ஈயம் இருக்கிறது. அளவு மிகச் சொற்பம். பழைய சிலிக்கன் தகட்டின் பற்றாசிலும் ஈயம் உண்டு. வேறுபாடு என்னவென்றால், இந்த ஈயம் நீரில் கரையும் வடிவிலே இருக்கிறது. ஆலங்கட்டி விழுந்து கண்ணாடி உடைந்தால், மழையோடு மண்ணுக்கு இறங்கும். கசிவைப் பிடித்து வைக்கும் படலங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் இட்டுப் பார்க்கிறார்கள். அது இன்னும் விரைவில் கெடுகிறது. 'ஆகிவிட்டது' கட்சியார் இதைப் பேசமாட்டார். பேசினால் முரசின் ஓசை குறையும். ஆனால் உடைந்த தகட்டை இருபதாண்டு கழித்து யார் கையால் பிரிப்பார்கள்? பணக்காரர் பிள்ளையா? பழைய பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிறானே, முகமூடிகூட இல்லாத அந்தக் குப்பத்துச் சிறுவன்தான்! திரும்ப வாங்கும் செலவையும் சேர்த்து விலை சொல்லாதவன், விலையில் ஒரு பகுதியை அந்தச் சிறுவனின் தலையில் கட்டுகிறான். அப்படிக் கட்டுபடியாகும் தகடு நமக்குக் கட்டுபடியாகாது.

சரி, என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். புதுத் தகடு வெல்லும் என்றே கருதுகிறேன். சிலிக்கனைக் கொன்றன்று, சிலிக்கனின் தோளில் ஏறி. முதலில் இடம் அருமையான இடங்களிலே: நெருக்கமான நகரக் கூரையிலே, நிலவிலை மிகுந்த நாட்டிலே. ஜப்பான் வேறொரு வழியில் போகிறது. அங்கே சமநிலம் குறைவு. கனத்த கண்ணாடித் தகட்டைத் தாங்காத ஆலைக்கூரைகள் மிகுதி. ஆகவே, எடையிலே பத்திலொரு பங்கே உள்ள, வளையும் படலத்தை நாடுகிறார்கள். படலத்துக்கு வேண்டிய அயோடினிலே உலகில் சிலிக்கு அடுத்த இடம் ஜப்பானுக்கு. ஒருகாலத்தில் சூரியத் தகட்டிலே முன்னணியில் நின்று, பின் சீனத்திடம் தோற்ற நாடு; இழந்ததை மீட்கும் ஆசையும் இருக்கிறது. 2040க்குள் 20,000 மெகாவாட் என்று அந்நாட்டு அரசு குறி வைத்திருக்கிறது. குறி வைத்ததாலேயே அம்பு தைத்துவிடாது. ஆயினும், தமக்கு எங்கே பொருந்தும் என்று இடம் பார்த்துக் குறி வைத்திருக்கிறார்கள். திறந்த வயலிலே, பாலைநிலத்திலே, சாதாரணச் சிலிக்கனை இது இப்போதைக்கு அசைக்காது.

இந்தத் தீர்ப்பைப் பொய்யாக்கவல்லது இரண்டு. ஒன்று ஆயுள், மேலே சொன்னேன். மற்றொன்று, எவரும் பேசாத ஒன்று: வட்டி.

நிலக்கரி உலைக்கு நாள்தோறும் தீனி போட வேண்டும். செலவு நாள்தோறும் பங்காகிறது. சூரியத் தகட்டுக்கோ முழுச் செலவும் முதல்நாளே. கடன் வாங்காமல் எவராலும் முடியாது. ஆகவே சூரிய மின்சாரத்தின் விலையிலே பெரும்பகுதி வெயிலின் விலையுமன்று, தகட்டின் விலையுமன்று. கடன்காரனுக்குக் கட்டும் விலை! உலகின் மிகச் சிறந்த சூரிய வளத்தில் நூற்றுக்கு 60 பங்கு ஆப்பிரிக்காவில் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2022இல் கணக்குக் காட்டிற்று. நிறுவப்பட்ட சூரியத் தகட்டிலே ஆப்பிரிக்காவின் பங்கோ நூற்றுக்கு 1. வெயிலா இல்லை? குறைந்த வட்டிக்குக் கடன் தர ஆளில்லை! புதுத் தகட்டுக்கு இந்தத் தொல்லை இருமடங்கு. இருபதாண்டு உழைத்துக் காட்டாத பொருளுக்கு வங்கிக்காரன் இருபதாண்டுக் கடன் கொடுப்பானா? கொடுத்தாலும் வட்டியை ஏற்றுவான். வட்டி ஏறினால் விலை ஏறும். விலை ஏறினால் விற்காது. விற்காவிட்டால் உழைப்பைக் காட்ட வழியில்லை. இந்தச் சுழலைத் தனி முதலாளி உடைக்க முடியாது. பொதுமக்கள் பணம்தான் உடைக்க முடியும். 2000இல் ஜெர்மனியில் உடைத்தது.

எப்படி உடைப்பது என்பதிலேதான் நமது கவனம் இருக்க வேண்டும். ஆலை முதலாளிக்கு மானியத்தை அள்ளிக்கொடுத்தா? வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது சோதனை. இன்று தகடுகளுக்கு நடக்கும் பெயர்பெற்ற சோதனை ஒன்று: 85 டிகிரி வெப்பம், நூற்றுக்கு 85 பங்கு ஈரம், 1,000 மணி நேரம். நாற்பத்திரண்டு நாள் அறைக்குள்ளே! சிலிக்கனின் குறைகளைக் கண்டுபிடிக்க வகுத்த சோதனை அது. பகலில் காய்ந்து இரவில் குளிர்ந்து, ஐப்பசி மழையில் நனைந்து, உப்புக்காற்றிலே ஊறி, அக்கினி நட்சத்திரத்திலே வெந்து கிடக்கும் கூரைக்கு அது ஈடாகுமா? பிராண்டன்பர்க்கின் இளவெயிலிலே பத்தாண்டு வாழ்ந்தது, எண்ணூரின் உப்புக்காற்றிலே எத்தனை ஆண்டு வாழும்? இதை அளந்து சொல்வது வாங்கப்போகும் நாட்டின் வேலை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் 2010இலிருந்து சூரிய மின்கல ஆய்வுக்கென ஒரு தேசிய மையம் இருக்கிறது; அதுபோன்ற இடங்களின் பொறுப்பிலே, கடற்கரையிலும் வறண்ட காட்டிலும் மலையிலும் திறந்தவெளித் தளங்கள் வேண்டும். விற்க வரும் எந்தக் கம்பெனியின் தகடும் அங்கே கிடந்து காய வேண்டும். அளவு, ஆண்டுதோறும், கெட்டதும் கெடாததும் ஒளிவுமறைவின்றி அச்சாகி வர வேண்டும். அந்த ஏட்டைப் பார்த்து வங்கி வட்டியைத் தீர்மானிக்கட்டும். நகத்தளவுக் கலத்தின் சாதனையைக் கொட்டை எழுத்தில் போடும் பத்திரிகை, அந்த அளவையும் அதே எழுத்தில் போடட்டும்.

செலவு? ஓர் ஆலைக்குக் கொடுக்கும் மானியத்தின் ஒரு சிறு துண்டு. பயன், ஆலை வைப்பவனுக்கும் உண்டு. ஏமாறவிருக்கும் ஏழை விவசாயிக்கும் உண்டு. கூரைக்குத் தகடு வாங்கக் கடன்பட்ட ஒருவன், ஒன்பதாம் ஆண்டிலே மஞ்சளாக வெளுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, இன்னும் பதினோராண்டுத் தவணை கட்டும் நிலை வரக்கூடாது. அவன் வாங்குமுன் கேட்க வேண்டியவை மூன்று: திறந்தவெளியில் எத்தனை ஆண்டு கிடந்தது? கெட்டால் புதிது தருவேன் என்று கையெழுத்திட்ட கம்பெனி அன்று உயிரோடிருக்குமா, இல்லாவிட்டால் யார் பிணை? உடைந்ததை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்? இந்த மூன்றுக்கும் எழுத்திலே விடை தருபவனிடம் வாங்கலாம். "சார், இது புது டெக்னாலஜி!" என்று மட்டும் சொல்பவனை, திருநீறு கொடுத்து நோய் தீர்ப்பேன் என்பவனை அனுப்பும் அதே வாசல் வழியாக அனுப்பிவிடலாம்.

அமெரிக்காவுக்கு 2024 செப்டம்பரில் போன அந்த முதல் தகடுகள் இப்போது வெயிலிலே கிடக்கின்றன. அவை ஆண்டுக்கு எவ்வளவு தேய்ந்தன என்ற கணக்கை வாங்கியவரும் விற்றவரும் வெளியிட வேண்டும் என்று கேட்பதிலிருந்து நமது வேலை தொடங்கலாம்.